செம்பி, கருப்பன், ஏழு குட்டிகள்: தை முதல் பங்குனி வரை நாட்குறிப்பு

ஜனவரி 29, 2025

எங்கள் தோப்புக் காவல் நாய் செம்பிக்குச் சினை ஏழு வாரம் ஆகிறது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்துவிட்டது. இணை சேர்ந்ததிலிருந்து 63 நாள் கணக்கு என்பதால் தைப்பூசத்தை ஒட்டி ஈனுவாள். அவளுக்கோ அந்த நினைப்பே இல்லை. மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லைப் பக்கம் பன்றி உறுமினால் எங்கள் இன்னொரு நாய் கருப்பனுக்கு முன்னால் இவள்தான் பாய்கிறாள். கோம்பை என்கிற நாட்டு வேட்டை நாய் ரத்தம், பன்றி என்றால் நிற்காது. கட்டிப்போட்டால் பண்ருட்டி வரைக்கும் கேட்கிற மாதிரி குரைக்கிறாள். ராத்திரியில் மோட்டார் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, நானும் வெளியில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். நான் பக்கத்தில் இருந்தால் அடங்குகிறாள்.

பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா மாட்டுக்கு ஊற்றும் கால்சியம் டானிக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். டாக்டரிடம் கேட்டேன், கண்டிப்பாக வேண்டாம் என்றார். சினையில் வெளியிலிருந்து கொடுத்துப் பழக்கினால், எலும்பில் இருப்பதை எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு குறைத்துவிடுமாம். பால் சுரக்கும்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வந்துவிடும். பாட்டிலைப் பசு மாட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5

கருப்பன் நேற்றிலிருந்து சோறு தொடவில்லை. ஈறு வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று தோன்றியது. ஆட்டோவில் ஏற்றிப் புதுச்சேரி குரும்பாப்பட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் பார்த்ததில் அதுவேதான். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். தெளிந்துவிட்டான் என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் இங்கே அதிகம். அப்படி நிறுத்தினால் நோய் உள்ளேயே தங்கி மறுபடி கிளம்பும்.

உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. ரத்தம் குடித்து முடித்ததும் இறங்கிச் சுவர் இடுக்கில் போய் முட்டையிடும். சாயங்காலம் முழுக்கக் கொட்டகைச் சுவரின் விரிசல்களைச் சுண்ணாம்பும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். பெஞ்சல் புயல் மழையில் ஊறிப்போன பழைய சாக்குகளை எல்லாம் எரித்தாயிற்று. செம்பி ஈனப்போகும் இடம் அது.

பிப்ரவரி 10

செம்பியின் உடம்புச் சூடு காலையில் 101 டிகிரி, சாயங்காலம் 98.6. நாய்க்கு 99க்குக் கீழே இறங்கினால் அநேகமாக ஒரு நாளுக்குள் குட்டி வரும். அத்தையும் வீட்டுக்காரரும் வடலூர் ஜோதிக்குக் கிளம்பிவிட்டார்கள். வருஷம் தவறாமல் நானும் போகிறவள்தான். அத்தை கிளம்பும்போது, "நீ இரும்மா, அதுவும் வள்ளலார் வேலைதான்" என்றார்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

விடியற்காலை மூன்று மணிக்கு முதல் குட்டி. ஏழு வந்தன: நான்கு பெட்டை, மூன்று கடுவன்.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் நெடுநேரம் ஆனது. சும்மா படுத்து ஓய்வெடுத்தால் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்கலாம். அரை மணி நேரம் விடாமல் முக்கியும் வரவில்லை என்றால்தான் ஆபத்து, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். போனைக் கையிலேயே வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. கடைசிக் குட்டி பையோடு வந்து அசையாமல் கிடந்தது. பையைக் கிழித்து, வாய் மூக்கைத் துடைத்து, துண்டால் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். காலைப் பிடித்துச் சுற்றி உதறுவது ஊர்ப் பழக்கம். அது மூளைக்குக் கெடுதல், செய்யவே கூடாது. கீச்சென்று ஒரு சத்தம் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழும் சீம்பால் குடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 16

பனி கடுமை. ராத்திரி கரண்ட் போய் குண்டு பல்பு அணைந்துவிட்டது. பிறந்த குட்டிகளுக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைத்தேன். கடைக்குட்டி மட்டும் சில்லென்று இருந்தது. முதலில் மடியில் வைத்துச் சூடேற்றி, அதற்கு அப்புறம்தான் முலைக்கு விட்டேன். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது.

பிப்ரவரி 25

கண் திறந்துவிட்டது எல்லாவற்றுக்கும். முதல் பூச்சி மருந்து கொடுத்தோம், தாய்க்கும் சேர்த்து. கருப்பன் சோறு கேட்டு வட்டிலை உருட்டுகிறான்.

மார்ச் 2, ஞாயிறு

மத்தியானம் செம்பி நிலைகொள்ளாமல் நடந்தாள். மூச்சு வாங்கியது. அப்புறம் பின்னங்கால் விறைத்து நடுங்க ஆரம்பித்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது, டாக்டர் சொன்ன கால்சியம் வலிப்பு. ஏழு குட்டி குடிக்கிற பால், மூன்றாவது வாரம், இதுதான் அதற்கான நேரம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மருந்தகம் பூட்டியிருக்கும். டாக்டர் வீட்டிலிருந்து பைக்கில் வந்தார். கால்சியத்தை நரம்பில் மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கேட்டு ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடுமாம். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கி, எழுந்து தண்ணீர் குடித்தாள். டானிக் கொடுக்காமல் கவனமாக இருந்தும் இது வந்தது. கவனம் அபாயத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

குட்டிகளைப் பிரித்து வைத்தாயிற்று. குட்டிகளுக்கான பால் பவுடர் கடலூரில் கிடைத்தது. ராத்திரி முழுக்க அவை கத்தின, கொட்டகைக்கு வெளியே இவள் கத்தினாள்.

மார்ச் 12, மாசி மகம்

தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போகிறவர்கள் வழியில் தோப்புக்குள் வந்து குட்டி பார்த்தார்கள். கேள்வி ஒன்றுதான்: "அக்கா, ஆம்பளக் குட்டி இருக்கா?" மூன்று கடுவனுக்குப் பத்துப் பேர். நான்கு பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர், "பொட்டையை இப்பவே எங்கயாச்சும் விட்டுடுங்க, தாய்க்குப் பாலாவது மிச்சமாகும்" என்றார். பஸ் ஸ்டாண்டிலும் மீன் மார்க்கெட்டிலும் கண் திறக்காத பெட்டைக் குட்டிகள் சாக்கில் கிடப்பது இந்தப் பேச்சால்தான். தோப்புக் காவலுக்குப் பெட்டைதான் கெட்டி. கடுவன் பருவ வாடை பிடித்து ஊர் ஊராகப் போய்விடும், செம்பி ஒரு நாளும் எல்லை தாண்டியதில்லை. பெருகிவிடும் என்ற பயம் நியாயம்தான், அதற்குக் கருத்தடை அறுவை இருக்கிறது.

எட்டு வாரம் முடியாமல் எதையும் தருவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாய்க்குட்டி விற்பனை பற்றிய 2017 விதியும் அதையேதான் சொல்கிறது. அதைவிட முக்கியம், குட்டி கடிக்கிற அளவு தெரிந்துகொள்வது கூடப்பிறந்ததுகளோடு உருண்டுதான். வாலை நறுக்கித் தரச் சொன்னவருக்கும், நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைக்கப்போகிறவருக்கும் கிடையாது. வீட்டுக்காரர் முகம் சுளித்தார், ஏற்கெனவே டாக்டர் செலவு, பால் பவுடர் செலவு. சுளிக்கட்டும்.

மார்ச் 23

குட்டிகளைக் கோழிக் கூட்டத்துக்குள் விட்டுப் பழக்குகிறேன். தாய்க்கோழி ஒன்று கொத்திய கொத்தில் ஒரு கடுவன் செம்பியின் வயிற்றுக்கடியில் புகுந்தது. இனி அவன் கோழியைத் துரத்தமாட்டான் என்று நினைக்கிறேன்.

குறிஞ்சிப்பாடி அண்ணன் போன் செய்தார். செம்பியோடு இணை சேர்த்த கடுவன் அவருடையது, அடுத்த பருவத்துக்கும் சேர்க்கலாமா என்றார். செம்பிக்கு இந்த வருஷம் ஓய்வு என்றேன். இனிமேல் அவளை ஈனவிடுவதா என்பதையே டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வேன். ஒரு தடவை இந்த வலிப்பு வந்தால் அடுத்த ஈற்றிலும் வர வாய்ப்பு அதிகம். அவருக்கு வருத்தம்தான். ஆனால், "அப்போ ஒரு பெட்டையை எனக்குக் கொடும்மா" என்றார். இவ்வளவு பேரில் பெட்டை கேட்டவர் அவர் ஒருவர்தான்.

நாளை மறுநாள் ஆறு வாரம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட வேண்டும். மருந்து சூடாகாமல் கொண்டுவர ஐஸ் பெட்டி கேட்டு வைத்திருக்கிறேன்.