ஊட்டிக் குளிருக்குத் தரையடி வெந்நீர்

சோலார் வெந்நீரைத் தரைக்கு அடியில் ஓடவிட்டு அறையைச் சூடாக்குவதில் ஐரோப்பாவில் ஒரு சிக்கல் உண்டு. குளிர் கடுமையாகும்போது அங்கே வெயில் இருக்காது. நீலகிரியில் நிலைமை தலைகீழ். தலைகுந்தா பக்கம் உறைபனி விழுகிற ஜனவரி இரவுக்கு முந்தைய பகல் பெரும்பாலும் சுள்ளென்று வெயில் அடித்திருக்கும். மேகமில்லாத வானம்தான் இரண்டுக்கும் காரணம். ஜூலை, ஆகஸ்ட் மழைக்குளிருக்கு மட்டும் இது கைகொடுக்காது. டேங்கில் 2 கிலோவாட் மின்காயில் ஒன்று போட்டு வையுங்கள்.

வீடு முழுவதற்கும் ஆசைப்பட வேண்டாம். 15 சதுர மீட்டர், அதாவது 160 சதுர அடி படுக்கையறை ஒன்று போதும். சீலிங் அடித்து ஜன்னல் இடுக்கை அடைத்த அறைக்குச் சதுர மீட்டருக்கு 50 வாட் என்று கணக்குப் போடலாம். மொத்தம் 750 வாட், எட்டு மணி நேரத்துக்கு 6 யூனிட். 300 லிட்டர் டேங்க் 60 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கும்போது சுமார் 8.7 யூனிட் வெப்பம் கிடைக்கும். நல்ல வெயிலில் 2 சதுர மீட்டர் சோலார் வெந்நீர் பேனல் இரண்டு இருந்தால் அதைச் சேர்த்துவிடலாம். பேனல் தெற்குப் பார்த்து 25 முதல் 30 டிகிரி சாய்வில் நிற்கட்டும். வெறும் ஓடு மட்டும் உள்ள பழைய வீடு என்றால் இந்தக் கணக்கு நிற்காது. முதல் செலவு சீலிங்குக்குத்தான்.

தரையில் முதலில் சூடு கீழே இறங்காமல் தடுக்க 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டி ஃபோம் போர்டு, சுவர் ஓரம் சுற்றிலும் 8 மி.மீ. ஃபோம் பட்டை. அதன்மேல் 16 மி.மீ. பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாயை 150 மி.மீ. இடைவெளியில் வளைத்து வளைத்துப் பதிக்க வேண்டும். இந்த அறைக்கு 100 மீட்டர் பிடிக்கும். 50 மீட்டராக இரண்டு சுற்றாகப் பிரித்தால் தண்ணீர் இரண்டிலும் சமமாக ஓடும். ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள பெக்ஸையே கேட்டு வாங்குங்கள். சாதாரணக் குழாய் வழியே காற்று கசிந்து பம்பின் இரும்பு துருப்பிடித்துவிடும். கையில் இருக்கிற, வளையாத சிபிவிசி பிளாஸ்டிக் குழாயையே போட்டுவிடலாம் என்று பிளம்பர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு எல்போ, ஒவ்வொரு எல்போவிலும் இரண்டு ஜாயின்ட். தரைக்குள் ஒரு ஜாயின்ட்கூட இருக்கக் கூடாது.

குழாயில் 6 பார் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதே அழுத்தம் இருக்கும்போதே குழாயை மூடி 75 மி.மீ. ஸ்கிரீட், அதாவது சிமென்ட் கலவைத் தளம், போடச் சொல்லுங்கள். கொத்தனாரின் கரணை குழாயில் பட்டால் மீட்டர் முள் அப்போதே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை. 21 நாள் கழித்து, 25 டிகிரி நீரில் ஆரம்பித்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

தரைக்குப் போகும் சூட்டு நீரில் ஆறிய நீரைக் கலந்து சூட்டை அளவாக வைக்கும் மிக்சிங் வால்வில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வெயில் நாளில் டேங்க் 70 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு நேராகத் தரைக்குப் போனால் ஸ்கிரீட் வெடித்து டைல்ஸ் எழும்பிவிடும். வால்வை 38 டிகிரியில் நிறுத்துங்கள். தரையின் மேல்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது. கனமான கம்பளம் விரித்தால் வெப்பம் மேலே வராது.

பம்பை இரவு ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டு அறை சூடாகவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. அந்த ஸ்கிரீட் இரண்டு டன்னுக்கு மேல். ஒரு டிகிரி ஏற அரை யூனிட் தேவை. மதியம் மூன்று மணிக்கே ஓடவிடுங்கள். ஒரு சுற்று மட்டும் சில்லென்று இருந்தால் ஏர்லாக்தான், குழாயில் காற்று அடைத்திருக்கிறது. மற்றதன் வால்வை மூடி, சில்லென்று இருக்கும் சுற்றில் மட்டும் குமிழி நிற்கும்வரை தண்ணீரை அடித்து வெளியேற்றினால் சரியாகிவிடும்.

பேனல் பக்கம் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தெளிந்த வானத்தின் கீழ், காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே பேனலுக்குள் நீர் உறைந்து செம்புக் குழாய் வெடிக்கலாம். அதனால் டேங்கில், நீரோடு நீர் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் சுருள் குழாயாக இரண்டு காயில் வேண்டும்: ஒன்று தரைக்கு, மற்றது பேனலுக்கு. பேனல் சுற்றில் 30 சதவீதம் புரோப்பிலீன் கிளைகால் கலந்த நீர் ஓடட்டும். கார் கூலன்ட் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால், விஷம். காயில் கசிந்தால் குளிக்கிற தண்ணீரில் கலந்துவிடும். ராத்திரி டேங்கின் சூடு பேனலுக்குத் திரும்பி ஓடாமல் இருக்க ஒரு செக் வால்வும், தரை, பேனல் என்ற இரண்டு மூடிய சுற்றுக்கும் தனித்தனியாக, சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கும் அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வும் அவசியம். ஏப்ரல், மே மாதங்களில் தரைக்கு வேலை இல்லாதபோது டேங்க் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்க ஒரு பேனலைத் தார்பாயால் மூடிவிடுங்கள்.