தகிடவின் கடைசி ‘ட’

ஜனவரி 5

இந்த வருஷம் கிடாரில் ஒரே வேலைதான்: காம்பிங். ஜாஸில் ஒருவர் சோலோ வாசிக்கும்போது பின்னாலிருந்து பியானோவோ கிடாரோ இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) போட்டுத் தாங்கிப் பிடிக்குமே, அது. பத்து வருஷமாக வீட்டில் சோலோவைத்தான் பழகினேன். ஆனால் நாலு பேரோடு உட்கார்ந்தால் முக்கால்வாசி நேரம் கிடார்காரனுக்குக் காம்பிங்தான் வேலை.

டிசம்பரில் சிலராகச் சேர்ந்து வாசித்த ஜாம் செஷன் இன்னும் உறுத்துகிறது. எஃப் சுருதியில் ப்ளூஸ், நடுத்தர வேகம். சாக்ஸபோன்காரர் அழகாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் பீட்டுக்கு நடுவே நடுவே கார்டு போட்டேன். மூன்றாவது சுற்றில் ‘ஒன்று’, அதாவது முதல் பீட், எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பேஸ்காரர் என் பக்கம் குனிந்து வாய்விட்டு எண்ணித்தான் என்னைக் கரை சேர்த்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் சோலோவின் நடுவில் அவர் அப்படி எண்ணும்படி ஆனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜனவரி 7

பீட்டுக்கு நடுவே அடிக்கும் சின்கோபேஷனையே தொடக்கூடாது என்றுவிட்டார் வாத்தியார். ஒரு வாரம் கிடார்காரர் ஃப்ரெடி கிரீனின் பாணி மட்டும்.

1937-இல் கவுன்ட் பேசியின் இசைக்குழுவில் சேர்ந்து, 1987-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு கட்டத்துக்கு) நாலு பீட் என்றால் நாலிலும் ஒரு ஸ்ட்ரம். ஆம்ப் கிடையாது. அத்தனை ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் அந்த நாலு தட்டின் மேல் ஏறி நிற்கும். கவுன்ட் பேசி பிறந்த ரெட் பேங்க், நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அந்த நாலு தட்டை நான் மதித்துக் கேட்டதில்லை.

வீட்டுப்பாடம்: சீராகத் தட்டும் மெட்ரோனோம், நிமிஷத்துக்கு 50 தட்டு. அந்தச் சத்தத்தை 2, 4 என்று கேட்க வேண்டும். 1-உம் 3-உம் நான்தான் உண்டாக்க வேண்டும். அப்படிக் கேட்டால் வேகம் 100.

ஜனவரி 8

இருபது நிமிஷம் நாலு தட்டு. இடது கைக் கட்டை விரலுக்குக் கீழே வலி. வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 12

சரி, இன்று சார்ல்ஸ்டன் தாளத்துக்கு அனுமதி கிடைத்தது. முதல் கார்டு 1-இல். இரண்டாவது, 2-க்கும் 3-க்கும் நடுவில். அப்புறம் பார் முடியும்வரை சும்மா இருக்க வேண்டும்.

கார்டும் முழுசாக வேண்டாம், இரண்டே ஸ்வரம். எஃப்7 கார்டுக்கு நாலாவது கம்பியில் 7-ஆம் ஃப்ரெட் (கிடார் கழுத்தின் கட்டம்), மூன்றாவது கம்பியில் 8. இரண்டு விரலையும் ஒரு ஃப்ரெட் கீழே இறக்கினால் பி ஃபிளாட் 7. எஃப்7-இலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே ஏற்றினால் சி7. பன்னிரண்டு பார் ப்ளூஸ் முழுக்க இந்த மூன்று இடத்துக்குள் முடிந்துவிடும். கார்டுக்குப் பேர் தரும் ஆணிவேர் ஸ்வரத்தைப் பேஸ்காரர் பார்த்துக்கொள்வார். விரலுக்கு வேலை குறைந்ததும் மொத்தக் கவனமும் தாளத்துக்குப் போகிறது.

போனைத் தரையில் வைத்து என் காலைப் படம் எடுத்தேன். முதல் நாலு பார் சரி. ஐந்தாவது பாரில் கார்டு மாறுகிறது. அங்கே, 2-க்குப் பிறகு வரும் கார்டோடு பாதமும் சேர்ந்து இறங்குகிறது. அடுத்த தட்டு அரை பீட் தள்ளிப்போகிறது. அதற்கப்புறம் நான் ஆஃப் பீட் (பீட்டுக்கு நடுவே) என்று நினைத்து வாசித்ததெல்லாம் ஆன் பீட் (பீட்டின் மேலேயே). டிசம்பரில் தொலைந்துபோனது இப்படித்தான். கையில் தப்பே இல்லை, காலில்தான்.

நவம்பரில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அம்மா சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

“என்னடா, ரெண்டாவது அடி ஒன்றரை இடத்துல வந்து விழறது?”

சார்ல்ஸ்டனை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பன்னிரண்டு பார் என்றேன். “அப்போ ஆறு ஆவர்த்தனம்” என்றாள். ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு எட்டு அடி, இரண்டு பார். மறுபடி வாசிக்கச் சொல்லி அவள் தாளம் போட்டாள். நான் எங்கே அடித்தாலும் அந்தக் கை அசங்கவில்லை. அவளுக்குப் பாட்டு அரை இடம் தள்ளி எடுப்பது சின்ன வயதுப் பழக்கம். தொண்டை ஒரு பக்கம் போகும், கை தாளத்தைவிட்டு நகராது. என் காலுக்கு வேண்டியது அந்தக் கையின் பிடிவாதம்.

ஜனவரி 16

காலோ கையோ ஓரளவு ஒத்துழைக்கிறது, ஆனாலும் பதிவைக் கேட்டால் ஸ்விங் இல்லை. ராணுவ மார்ச் மாதிரி இருக்கிறது.

காரணம் அந்த ‘அரை’. நடுத்தர வேக ஸ்விங்கில் ஆஃப் பீட் சரிபாதியில் விழாது, கொஞ்சம் பிந்தி விழும். பீட்டை மூன்றாக வெட்டினால் மூன்றாவது துண்டின் வாசலில். வேகம் ஏற ஏற அது நடுவை நோக்கி நகரும். இதைப் புத்தகத்தில் பல தடவை படித்திருக்கிறேன். கைக்கு வந்ததே இல்லை.

இன்று பீட்டுக்கு ஒரு ‘தகிட’ என்று, மூன்றெழுத்துச் சொற்கட்டை வாயால் சொல்லிப் பார்த்தேன். தகிட, தகிட, தகிட, தகிட. முதல் கார்டு முதல் ‘த’வில். இரண்டாவது கார்டு இரண்டாவது தகிடவின் ‘ட’வில். சொல்லிக்கொண்டே வாசித்தபோது கார்டு சற்றுப் பின்னால் சாய்ந்து, அடுத்த பீட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டலைத்தான் ரெக்கார்டுகளில் இத்தனை நாளாகக் கேட்டுவந்தேன்! பத்து நிமிஷத்தில் வாய் உலர்ந்துவிட்டது, நிறுத்த மனமில்லை.

ஜனவரி 19

வாசிக்கவில்லை. ஆபீஸ் வேலை.

ஜனவரி 25

கார்டு எங்கே தொடங்குகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே முடிகிறது என்று பார்க்கவில்லை. வாத்தியார் என் பதிவை ஒரு தடவை கேட்டுவிட்டு, எல்லாக் கார்டும் ஒரே நீளம் என்றார். முதலாவது நீண்டு இரண்டாவது குட்டையானால் ஒரு பேச்சு. இரண்டும் குட்டையானால் வேறு பேச்சு.

குட்டையாக வெட்டுவது வலது கையின் வேலை இல்லை. இடது கை விரல்கள் பிடியைத் தளர்த்த வேண்டும், ஆனால் கம்பியைவிட்டு எழும்பக்கூடாது. எழும்பினால் கம்பி தானாக ஒலித்துவிடும். விரல் நுனி கம்பி மேலேயே படுத்திருக்க வேண்டும். ஒரு மயிரிழைதான். ஒரு மணி நேரம் இதுவே.

இரவு ஜிம் ஹால் கேட்டேன். சாக்ஸபோன்காரர் சன்னி ராலின்ஸ் 1959 முதல் 1961 வரை மேடையைவிட்டு விலகி, வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று சாதகம் செய்துவிட்டுத் திரும்பி வந்து 1962-இல் வெளியிட்ட ‘தி பிரிட்ஜ்’. அதில் பியானோ இல்லை, ஜிம் ஹாலின் கிடார்தான். ராலின்ஸ் மூச்சு விடும் இடத்தில் ஒரு சின்னக் கார்டு, அப்புறம் ஒன்றுமே இல்லை. வாசிக்காத அந்த நேரத்திலும் அவர் உள்ளே எண்ணிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. என்னால் இரண்டு பார்கூட அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை, கை துறுதுறுக்கிறது.

பிப்ரவரி 1

ஜேம்ஸ் பி. ஜான்சன் பிறந்த நாள். 1894-இல் நியூ பிரன்சுவிக்கில் பிறந்தார். எங்களுக்கு ராரிட்டன் ஆற்றைத் தாண்டினால் அந்த ஊர். 1923-இல் பிராட்வே நாடகம் ஒன்றுக்காக ‘சார்ல்ஸ்டன்’ பாட்டுக்கு மெட்டமைத்தவர் அவர். நியூயார்க்கில் அவர் பியானோ வாசித்த இடத்துக்குத் தென் கரோலினாவிலிருந்து வந்து ஆடிய கறுப்பின மக்களிடமிருந்து எடுத்த தாளம் அது. எத்தனையோ கால்கள் ஆடிப் பதப்படுத்தியது. என் ஒரு காலுக்கு மூன்று வாரம் ஆனதில் குறையில்லை.

இன்று அடுத்த படி: ரெட் கார்லண்ட் மைல்ஸ் டேவிஸ் குழுவில் பியானோவில் போட்டது. 2-க்குப் பிறகு ஒன்று, 4-க்குப் பிறகு ஒன்று. இரண்டும் ஆஃப் பீட், பிடித்துக்கொள்ள 1-கூடக் கிடையாது. 4-க்குப் பிறகு வருவது அடுத்த பாரின் கார்டு, அதாவது ஆள் வருமுன்னே கதவைத் திறந்துவைப்பது. அம்மா கேட்டுவிட்டு, “இது அதீதம். சமத்துக்கு முன்னாடியே எடுத்துடற” என்றாள். சமம் என்றால் தாளத்தின் முதல் அடி.

முதல் எட்டு பார் வந்துவிட்டது. ஒன்பதில் சி7, பத்தில் பி ஃபிளாட் 7, பதினொன்றில் எஃப்7. பாருக்குப் பார் மாறுகிறது. பத்தாவது பாரின் வாசலில் கால் நழுவுகிறது. அந்த மூன்று பாரை மட்டும் நாற்பது தடவை.

பிப்ரவரி 9

அம்மா வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகுமுன் அவள் தாளத்தைப் பத்து நிமிஷம் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். வெறும் தொடைத் தட்டு, இடையில் வளையல் சத்தம். மெட்ரோனோம் போல அச்சு இல்லை, மூன்றாவது நிமிஷத்தில் லேசாக ஓடுகிறது. ஜாமில் பேஸ்காரரும் ஓடுவார், டிரம்ஸ்காரரும் இழுப்பார். அதனால் இந்த வாரம் முழுக்க இதோடுதான் வாசிக்கிறேன். இன்று பன்னிரண்டு சுற்று, பத்தாவது பாரில் இரண்டு தடவை நழுவியது.