ரோஸ் மெழுகுவர்த்தி ஞாயிறு: கோட்டாறு முதல் காற்றாடிமலை வரை

டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள், கிறிஸ்துமஸ் முன்கூட்டியே வந்துவிட்டதோ என்று நினைப்பார்கள். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நவம்பர் 24-ல் கொடியேறி டிசம்பர் 3-ல் முடியும். கடைசி நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேருக்குப் பின்னால் ரோட்டில் விழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்பவர்கள், உப்பும் மிளகும் நேர்ச்சை போடுபவர்கள் என்று அந்தக் கூட்டம் கலைவதற்குள் தெருத்தெருவாக ஸ்டார் ஏறிவிடும். அப்புறம் கேரல் ரவுண்டு, மைக் செட், சிவப்பு அங்கி போட்ட தாத்தா. எனக்கு இதெல்லாம் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் இருபத்தைந்தாம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சந்தோஷம் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. பிரியாணி ஏனத்தைக் கழுவும்போதே வடிந்துவிடுகிற சந்தோஷம் அது.

திருச்சபையின் காலண்டர் வேறு மாதிரி நடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம் நான்கு ஞாயிறு. பூசைக்கு ஊதா உடை. 'உன்னதங்களிலே' கீதம் பாடுவதில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை இலை வளையம், அதில் வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. மூன்று ஊதா, ஒன்று மட்டும் ரோஸ். அந்த ரோஸ் மெழுகுவர்த்தியை ஏற்றுவது மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்கிறார்கள். சாமியார் அன்றைக்கு ரோஸ் திருவுடை போடலாம், பீடத்தில் பூ கொஞ்சம் தாராளமாக வைக்கலாம். 2025-ல் அது டிசம்பர் 14-ஆம் தேதி வந்தது.

அந்த வாரம் நான் நாகர்கோவிலில் மாமி வீட்டில் இருந்தேன். மாமி அப்பாவின் தங்கை. மாமா தவறி அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வருடம் வீட்டில் ஸ்டார் போட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்து கொடுப்பார்கள். தெருவில் அந்த வீட்டு வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்தது. ஆறுதலாக நான் ஏதாவது சொல்லுமுன், "மக்களே, ஒரு வண்டி பிடி. தேவசகாயம் நடந்த பாதையில ஒரு சுற்று போயிட்டு வருவோம்" என்று மாமியே ஆரம்பித்தார். தேவசகாயம் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட எங்கள் பக்கத்துப் புனிதர்.

சனிக்கிழமை மேற்கே போனோம். தக்கலைக்குப் போகும் ரோட்டில் புலியூர்குறிச்சி. அங்கேதான் உதயகிரிக் கோட்டை. இன்று அது வனத்துறையின் பூங்கா. குழந்தைகளோடு வருகிறவர்கள் மான் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்குள் கூரை இல்லாமல் நிற்கும் பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் அவர். தன்னைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மாவிடமே தளபதியாகி, 1777-ல் இங்கேயே இறந்தார்.

பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை, தன் துயரத்தை இவரிடம்தான் சொன்னார். மாடுகள் சாகின்றன, பயிர் போகிறது, குடும்பத்தில் ஒன்று மாற்றி ஒன்று. டிலனாய் பதிலுக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னாராம். உன் கஷ்டம் தீரும் என்று வாக்குக் கொடுக்காமல், எல்லாம் போனவனுடைய கதையைச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நானாக இருந்தால் ஒரு நல்ல வாக்குத்தத்த வசனத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்திருப்பேன். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி கையால் திருமுழுக்குப் பெற்று நீலகண்டன் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

பிறகு நடந்தது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பிலேயே மனப்பாடம். சாதி பாராமல் எல்லோரோடும் கலந்து பழகியதும், உண்டதும், எல்லோரும் சமம் என்று பேசியதும் மேல்தட்டில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1749-ல் கைது. எருமை மேல் பின்பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக ஊர்வலம். பிரம்படி. அடிபட்ட புண்ணில் மிளகாய்த்தூள். பெருவிளையில் வேப்பமரத்தில் பல மாதம் கட்டிப்போட்டிருந்தார்கள். இப்படியே மூன்று வருடம்.

புலியூர்குறிச்சியில் கோட்டைக்கு அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. நடத்திக் கூட்டிப்போகும் வழியில் தாகத்துக்கு நல்ல தண்ணீர் கொடுக்கவில்லை, முழங்காலில் நின்று செபித்து முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது மரபு. பாறையில் சின்னக் குழி, அதில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் பார்ப்பதற்கு. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையின் நெற்றியில் அந்தத் தண்ணீரைத் தடவினார். மாமி பையிலிருந்து ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலை எடுத்தார். லேபிளைச் சுரண்டிக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். அரை பாட்டில் நிரம்பும்வரை ஒருவரையும் அவசரப்படுத்தாமல், தன்னை அவசரப்படுத்தவும் விடாமல் மொண்டார்.

ஞாயிறு காலைப் பூசைக்கு கோட்டாறு பேராலயம். சவேரியாருக்கும் திருவருகைக்காலத்துக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. சீனாவுக்குக் கூட்டிப்போகப் படகு வரும் என்று சாங்சுவான் தீவில் காத்திருந்து, வராமலே 1552 டிசம்பர் 3 அன்று இறந்தவர் அவர். அந்தத் தேதி எப்போதும் திருவருகைக்காலத்தின் முதல் வாரத்தில்தான் விழும்.

வளையத்தில் ரோஸ் மெழுகுவர்த்தியை ஒரு சின்னப் பையன் ஏற்றினான். திரி பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்த பீடச்சிறுவன் குனிந்து காதில் ஏதோ சொல்ல, இரண்டாம் தடவை பிடித்தது. அந்த ஞாயிறு பூசையின் தொடக்கத்தில் வரும் வருகைப் பல்லவி பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதியது: "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்." சுவரில் மாட்டும் காலண்டரிலெல்லாம் பூப்படத்தோடு போடும் வரி. அதை எழுதும்போது பவுல் விலங்கில் இருந்தார். கடிதத்தின் முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார்.

நற்செய்தியும் சிறையிலிருந்துதான். ஏரோதின் சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்கிறார். ஆற்றங்கரையில் நின்று 'இதோ' என்று விரல் நீட்டிக் காட்டியவருக்கே இந்தக் கேள்வி. இயேசு அனுப்பிய பதிலைக் கவனித்துக் கேட்டேன். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. பழைய ஏற்பாட்டில் எசாயா சொன்னவைதான். ஆனால் எசாயாவின் இன்னொரு பகுதியில், சிறைப்பட்டோருக்கு விடுதலை என்றும் ஒரு வரி உண்டு. யோவானுக்கு அனுப்பிய பதிலில் அது மட்டும் இல்லை. அவர் வெளியே வரவும் இல்லை.

மகிழ்ச்சிக்கென்று ஒரு ஞாயிறை ஒதுக்கிவிட்டு, அந்த நாளுக்கு இரண்டு கைதிகளின் பேச்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறது திருச்சபை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே இருப்பவனின் மகிழ்ச்சிக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்: சம்பளம், உடம்பு, பிள்ளைகள், வாசலில் எரியும் ஸ்டார். அதெல்லாம் பிடுங்கப்பட்டவனும் மகிழுங்கள் என்று சொன்னால், அவன் எதைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான் என்று கேட்கத்தான் வேண்டும். 'ஆண்டவரோடு இணைந்து' என்பதுதான் அந்த வரியில் பாரம் தாங்கும் இடம். நாம் அதை வேகமாகத் தாண்டி 'மகிழுங்கள்' என்பதற்குப் போய்விடுகிறோம்.

பிரசங்கம் பெரும்பாலும் இரண்டாம் வாசகத்தைப் பற்றியே இருந்தது. யாக்கோபு தன் கடிதத்தில் காட்டும் விவசாயி, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாகக் காத்திருப்பவர். நாஞ்சில் நாட்டில் இதை விளக்கவே தேவையில்லை. இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம், கன்னிப்பூ கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். மாமாவுக்கும் கொஞ்சம் வயல் இருந்தது. மாமி அந்த நேரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் குரல் கொடுத்தார்.

பேராலயத்துக்குள்ளேயே தேவசகாயத்தின் கல்லறை. பூசை முடிந்ததும் அங்கே வரிசை. 2012 டிசம்பர் 2-ல் இதே நாகர்கோவிலில், கார்மல் பள்ளி மைதானத்தில், கர்தினால் ஆஞ்சலோ அமாட்டோ அவரை அருளாளராக, அதாவது புனிதர் நிலைக்கு முந்தைய படியில், அறிவித்தார். அந்த டிசம்பர் 2 திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. 2022 மே 15-ல் ரோமில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர், அதாவது குருவோ துறவியோ அல்லாத, மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். மைதானத்துக்கு மாமாவும் மாமியும் சேர்ந்து போயிருக்கிறார்கள். "உன் மாமா தண்ணி பாட்டிலை மறந்துட்டாரு. அதுக்கு அங்க வச்சே சண்டை" என்று கல்லறைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்.

பிறகு கிழக்கே, ஆரல்வாய்மொழி. வழியில் தோவாளை. பூச்சந்தைக்குப் பேர்போன ஊர். பனிக்காலத்தில் பிச்சியும் மல்லியும் வரத்துக் குறைந்து விலை எகிறும். ஒரு முழம் பிச்சிக்கு மாமி நடத்திய பேரத்தில் பூக்காரம்மா தோற்றுப்போய், "எந்தக் கோயிலுக்கு அக்கா?" என்றார். காற்றாடிமலைக்கு என்றதும் ஒரு கை அரளியைச் சும்மாவே அள்ளி இலையில் வைத்துக் கொடுத்தார். நெற்றியில் திருநீறு இருந்தது. "எனக்கும் சேத்து வேண்டிக்கோங்க" என்றார். விலையைக் குறைத்த மாமி மீதிச் சில்லறையை வாங்கவில்லை.

காற்றாடிமலையை இப்போது தேவசகாயம் மவுண்ட் என்கிறார்கள். வியாகுல அன்னை ஆலயம் இருக்கிறது. மழைக்குப் பிறகு மலைகள் பச்சையாக இருந்தன. தூரத்தில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. 1752 ஜனவரி 14 இரவு இந்தப் பாறையில் வைத்துத்தான் அவரைச் சுட்டார்கள். சாகுமுன் செபிக்க நேரம் கேட்டாராம். முழந்தாளும் முழங்கையும் பதிந்த தடம் என்று பாறையில் காட்டுகிறார்கள். உடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்து எஞ்சியதை எடுத்துக் கோட்டாற்றில் அடக்கம் செய்தார்கள்.

சிரித்த முகத்தோடு அடி வாங்கினார் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிளகாய்த்தூள் பட்டால் எரியும். இந்த மகிழ்ச்சி எரிச்சலே தெரியாத மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டால், ஆறு மாதம் முன்பு புருஷனைப் பறிகொடுத்தவருக்கு அதில் இடம் கிடையாது. யோவானுக்குச் சந்தேகம் வந்தது. பவுல் அதே கடிதத்தில் கண்ணீரோடு எழுதுகிறேன் என்கிறார். தேவசகாயம் கேட்டது செபிக்க நேரம்.

அங்கே மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. அவர் உயிர் பிரிந்த நேரத்தில் அந்தப் பாறை உருண்டு மணி போல ஒலித்ததாக நம்பிக்கை. இன்றும் கல்லால் தட்டினால் கணீர் என்று உலோகச் சத்தம் வரும். பிள்ளைகள் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கல்லை வாங்கி ஓங்கித் தட்டினார். சத்தம் போதவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை. பின்னால் நின்ற பையன் "பாட்டி, எனக்கு!" என்று கையை நீட்ட, "இருடே, ஒண்ணே ஒண்ணு" என்று மூன்றாவதும் தட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

திரும்பும்போது கோட்டாற்றில் ஒரு மளிகைக் கடையைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். எதற்கு என்றேன்.

"குடிலுக்குப் புல்லு முளைக்கப் போடாண்டாமா? கேழ்வரகு கால் கிலோ வாங்கு."

"இந்த வருசம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே மாமி?"

"ஸ்டாரு இல்ல, பலகாரம் இல்ல. குடில் வைக்க மாட்டேன்னு யாரு சொன்னா? பத்து நாளாவது வேணும் மக்களே, இன்னைக்குப் போட்டாத்தான் சரியா வரும். மொட்டை மாடியில மாமா வச்ச தட்டு ரெண்டு கெடக்கு, மண்ணு மட்டும் நீ கொண்டாந்து குடு."