முதலில் எக்கோ, பிறகு பிள்ளை

வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகுதான் மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருவார் என்று ஊரில் பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் கலியாணம் முடிந்த கையோடு அவருடைய பதிவேட்டில் நம் பெயர் ஏறிவிடுகிறது. மட்டக்களப்பு கல்லடியில் அம்மா தந்த வீட்டில் நானும் கணவரும் குடியேறிக் கொஞ்ச நாளில், ஸ்கூட்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு மிஸ் உள்ளே வந்தார். "பிள்ளைக்கு அவசரமா தங்கச்சி, இல்லாட்டி கொஞ்சம் பொறுக்கிற எண்ணமா?" என்று கேட்டார். எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அவசரம்தான் என்றேன். "அப்ப ரெண்டு பேரும் முதல்ல எம்.ஓ.எச். ஆபீசுக்கு வாங்க. மறுகா பிள்ளையப் பத்திக் கதைப்பம்" என்று சொல்லி ஒரு படிவத்தைத் தந்துவிட்டுப் போனார்.

அந்த எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குக்குப் போனதால்தான் என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருப்பது தெரியவந்தது. பிள்ளைக்காகக் காத்திருக்கும் நம் பக்கத்துப் பெண்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதற்கு முன்பு ஒரு தனியார் இடத்திலும் காட்டியிருந்தேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னபோது, "இரத்தம் குறைவு, பிள்ளை தங்கட்டும், பிறகு எல்லாம் சேர்த்துப் பார்ப்போம்" என்று ஒரு விற்றமின் போத்தலை எழுதித் தந்தார்கள். நெஞ்சில் குழாய் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. பிறகு பார்ப்போம் என்று விடக்கூடிய விஷயமே இல்லை அது.

எம்.ஓ.எச். கிளினிக்கில் உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சீனி என்று வரிசையாகப் பார்த்தார்கள். கணவருக்கும் பார்த்தார்கள். இருவருக்கும் முழு இரத்தப் பரிசோதனையும், சிபிலிஸ் என்ற பாலியல் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனையும் செய்தார்கள். கணவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்ததே எல்லோரையும் இப்படிச் சோதித்துக்கொண்டு வந்ததால்தான்.

பிறகு டொக்டர் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். "மூச்சை வெளியே விட்டுட்டு அப்படியே பிடிச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லி, இடது மார்புக்குக் கீழே குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். நிமிர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?"

வந்தது. எனக்குப் பத்து வயதில் முதலில் தொண்டை நோவு, பிறகு முழங்கால் வீக்கம், அது வடிய முன்பே கணுக்கால், பிறகு முழங்கை. வாதக் காய்ச்சல் என்றார்கள், இதய வால்வைப் பழுதாக்கக்கூடியது. அது திரும்ப வராமலிருக்க மாதா மாதம் பென்சிலின் ஊசி. அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வீடும் போனது, கிளினிக் கொப்பியும் போனது. பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்து, பிறகு உறவுக்காரர் வீடுகளில் மாறி மாறி இருந்து, திரும்பி வந்து வீடு கட்டுவதற்குள் ஊசி விட்டுப்போய்விட்டது. உயிரோடு இருப்பவர்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் யார் ஊசியை நினைப்பார்கள்? அம்மா இதைக் கேட்டதும் "நான்தானே மனே விட்டுட்டன்" என்று அழுதார். அவருக்கு இதில் ஒரு துளி பிழையும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அங்கிருந்து கடிதம் தந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் இதய கிளினிக்குக்கு அனுப்பினார்கள். எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுப்பது நோகாது. நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி ஒரு கருவியை அழுத்தி நகர்த்துகிறார்கள், திரையில் நம் இதயம் துடிப்பது தெரிகிறது, அவ்வளவுதான். என்னுடையதில் மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவு, முழுவதாகத் திறக்கவில்லை. சாதாரணமாக அதன் திறப்பு 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரை இருக்கும். எனக்கு 1.8.

டொக்டர் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார். கர்ப்ப காலத்தில் உடம்பிலுள்ள இரத்தத்தின் அளவு ஏறத்தாழ அரைவாசி கூடுகிறது, இதயமும் வேகமாக அடிக்கிறது. வால்வு ஒடுங்கியிருந்தால் அவ்வளவு இரத்தமும் அதற்குள்ளால் இறங்க முடியாமல் பின்னுக்குத் தேங்கி, நுரையீரலில் நீர் கட்டும். ஆறாம் ஏழாம் மாதங்களிலும், பிரசவ நேரத்திலும், பிள்ளை பிறந்த உடனேயும்தான் ஆபத்து அதிகம். கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் மூச்சு வாங்கினால் "பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நம் நாட்டில் தாய்மார் இறப்பதற்கான முக்கிய காரணங்களில் இதய நோயும் ஒன்று. அதில் ஒரு பகுதி இப்படிச் சின்ன வயதில் வந்து, மறந்துபோன காய்ச்சலின் மிச்சம்.

வால்வின் திறப்பு 1.5 அல்லது அதற்குக் கீழே என்றால், தொடைப் பக்கம் உள்ள நாளத்தின் வழியாக பலூனைச் செலுத்தி வால்வை விரித்துவிட்டுத்தான் பிள்ளைக்கு விடுவார்களாம். எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் உடனே ஓம் என்றும் சொல்லவில்லை. பென்சிலின் ஊசியை மீண்டும் தொடங்க வேண்டும், இரத்தக் குறைவைச் சரிசெய்ய வேண்டும், பற்களைக் காட்ட வேண்டும், இதெல்லாம் முடியும்வரை கர்ப்பம் வேண்டாம். பற்கள் எதற்கு என்று யோசித்தேன். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் இறங்கிப் பழுதான வால்வில் குந்திவிடுமாம். அடைக்க வேண்டியதை அடைத்துக்கொண்டேன்.

ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அந்த வலிக்காகவே விட்டுவிடுகிறார்கள். முதலில் கைத்தோலில் கொஞ்சம் ஏற்றி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு இடுப்புக்குக் கீழே. மருந்து கெட்டியானது, மெதுவாகத்தான் இறங்கும், அன்று முழுக்கக் கால் கனக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது நாற்பது வயதுவரை. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் இதை நிறுத்தத் தேவையில்லை என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இரத்த ரிப்போர்ட் இன்னொரு பயத்தைக் கொண்டுவந்தது. ஹீமோகுளோபின் 10.4. எம்.சி.வி. என்று ஒரு எண் இருக்கிறது, சிவப்பணுக்களின் பருமனைச் சொல்வது. அது 80க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். எனக்கு 71. இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைப் பிள்ளைக்குக் கடத்தும் உடம்பாகவும் இருக்கலாம். என் கணவர் சொந்த மச்சான், அப்பாவின் கூடப்பிறந்த மாமியின் மகன். குடி, அதாவது குலம், வேறாக இருந்தால் மச்சானைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. ஆனால் குடி தாய்வழியில் வருவது, இரத்தத்தில் உள்ள குறை தாய்வழி தந்தைவழி இரண்டிலும் வருவது. இருவருமே கடத்துபவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வரலாம். அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும்.

இதைக் கர்ப்பத்துக்கு முன்பே பார்ப்பது நம் நாட்டில் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைதான் இன்னும் நடைமுறையில் உள்ளது. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறெதற்கும் கருக்கலைப்புக்கு அது இடம் கொடுப்பதில்லை. வயிற்றிலுள்ள பிள்ளைக்கு எவ்வளவு கடுமையான நோய் என்று தெரிந்தாலும் அது பொருந்தும். ஆகவே தெரிந்துகொண்டு யோசிப்பதற்கான காலம் கர்ப்பத்துக்கு முன்புதான்.

கணவரின் எம்.சி.வி. சரியாக இருந்தது. என் இரத்தத்தை, தலசீமியாவைக் கண்டறியும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்கும் மாமிக்கும் சரியான தூக்கமில்லை. கடைசியில் வெறும் இரும்புச்சத்துக் குறைவுதான். பூச்சிக் குளிசையும் இரும்புக் குளிசையும் தந்தார்கள். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு குடிக்கச் சொன்னார்கள், தேத்தண்ணி கிட்டவும் வரக்கூடாது. காலைத் தேத்தண்ணியைத் தள்ளி வைப்பது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. சில மாதங்களில் ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது.

தடுப்பூசிப் பதிவும் கடலோடு போனதால் ருபெல்லாவுக்காக எம்.எம்.ஆர். ஊசி மீண்டும் போட்டார்கள். கர்ப்ப காலத் தொடக்கத்தில் ருபெல்லா வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் எல்லாம் பழுதாகலாம். ஊசி போட்ட பிறகு குறைந்தது ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக்கூடாது. நாங்கள் எப்படியும் கொண்டம் பாவித்துக்கொண்டிருந்த காலம் அது, அதனால் சிக்கல் இல்லை. ஃபோலிக் அமிலக் குளிசையை மிஸ் இலவசமாகவே தந்தார். பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது மாதம் தள்ளிப்போனதே சரியாகத் தெரிந்திருக்காது. அதனால்தான் முன்கூட்டியே குடிக்க வேண்டும். கணவர் சிகரெட்டை விட்டார். விந்து முற்றி வர இரண்டரை மாதம் அளவு ஆகும் என்று டொக்டர் சொன்னது அவருக்கு உறைத்தது.

கிளினிக் வாங்கில் இருந்து கதைத்த பெண்களிடம் இன்னும் எவ்வளவோ அறிந்தேன். ஒருவர் வலிப்புக்கு சோடியம் வல்புரோவேற் குடித்துக்கொண்டிருந்தவர். அந்தக் குளிசை கருவில் உள்ள பிள்ளையின் உடலையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது என்பதால், நரம்பு டொக்டர் பல மாதங்களாகச் சிறிது சிறிதாக வேறு மருந்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து என்பதை அவர் எங்களுக்கு அழுத்திச் சொன்னார். இன்னொருவருக்குச் சீனி. இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. 6.5க்குக் கீழே வரட்டும் என்று காத்திருந்தார். அவருடைய பிரஷர்க் குளிசையையும் கொழுப்புக் குளிசையையும் மாற்ற வேண்டியிருந்தது. பார்த்தால் எல்லோரும் நன்றாக இருப்பவர்கள்தான்.

பொறுத்திருந்த காலத்தில் ஊர்வாய் சும்மா இருக்கவில்லை. பெத்தா ஒருநாள் மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைப்பதா என்று கேட்டார். வையுங்கோ பெத்தா, ஊசியும் போடுறன் என்றேன். அவரும் சரியென்றார். மாமியிடம் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டி விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு வெளியார் கேட்டால் அவரே பதில் சொல்லிவிடுவார், "அவ மருந்து எடுக்கிறா, டொக்டர் சொல்லட்டும்" என்று. அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் கொப்பியும் எங்காவது தொலைந்திருந்தால் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டுக்கொண்டு போங்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கியதா, கைகால் தன்பாட்டில் ஆடியதா, மாதா மாதம் ஊசி போட்டதா, இதயத்தில் ஓட்டை என்று யாராவது சொன்னார்களா, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள். குடிக்கிற குளிசை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

போன மாதம் இதய டொக்டரும் விஓஜியும், அதாவது மகப்பேற்று நிபுணரும், பேசி எங்களுக்கு ஓம் சொன்னார்கள். கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கிறது. மாதம் தள்ளிப்போனால் எட்டாம் கிழமைவரை பார்த்துக்கொண்டிராமல் உடனே மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் இரண்டு கிளினிக்குக்கும் போக வேண்டும், எக்கோ திரும்ப எடுப்பார்கள். படுக்கும்போது மூச்சு முட்டினால், இருமலில் நுரையோ இரத்தமோ வந்தால், நேரம் பாராமல் வார்டுக்கு. பிரசவம் போதனா வைத்தியசாலையில்தான். அடுத்த ஊசி வருகிற செவ்வாய்.