எல்லோருக்கும் ஒரே போன் நம்பர்

ஒரு துணிக்கடையின் வாடிக்கையாளர் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றித் தரும் வேலை. பெயர் சரி, முகவரி சரி. கைபேசி எண் மட்டும் பட்டியல் முழுக்க 2147483647. "யாருங்க இந்த ஆளு, எல்லார் பேர்லயும் துணி எடுத்திருக்காரு?" என்றார் கடை மேலாளர்.

டேட்டாபேஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். கைபேசி எண்ணை வைக்க ஒதுக்கியிருந்த இடம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் 32 கட்டங்கள். அதில் ஒரு பிட், கூட்டல் அல்லது கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய பதிப்புகள், எண் அளவு மீறினால் பிழை சொல்லி நிறுத்தாது; உச்ச எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். 5.7 பதிப்பிலிருந்துதான் வழக்கமாகவே மறுக்கிறது. உச்சம் 214 கோடி. நம் கைபேசி எண்களோ 600 கோடிக்கு மேல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அன்சைன்டு ஆக்கிடலாம்ணா" என்றான் கூட இருந்த தம்பி. குறிக்கு இடம் விடாமல் 32 பிட்டையும் எண்ணுக்கே கொடுப்பது அது. ஆக்கினாலும் 4294967295 வரைதான், அதுவும் போதாது. ஆனால் அழகான எண்! 3, 5, 17, 257, 65537 என்று இதுவரை தெரிந்த ஐந்து ஃபெர்மா பகா எண்களையும் (2-இன் அடுக்கு ஒன்றோடு 1 கூட்டி வரும் பகா எண்கள்) பெருக்கினால் அப்படியே அதுதான் வரும்.

நம்முடைய 2147483647 இப்படி உடையாது. அது பகா எண். 1772-இல், பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், கணித மேதை ஆய்லர் இதைக் காட்டினார். வர்க்கமூலம் 46340-ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் கை ஒடிந்துவிடும். இதற்கு வகுஎண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரவேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். பெரும்பாலான எண்கள் தொடாமலே கழிந்துவிட்டன. மெதுவான க்வெரியை (டேட்டாபேஸில் தேடும் கட்டளையை) இண்டெக்ஸ் என்ற அட்டவணை போட்டுச் சரிசெய்பவர்களுக்கு இந்தச் சந்தோஷம் தெரியும்.

இந்தப் பகா எண்ணை வைத்து 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கிறது. தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும், 6-ஐப் போல. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவற்றால் பயனும் கிடையாது என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ எழுதினார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூகா 39 இலக்கப் பகா எண்ணோடு வந்துவிட்டார்; அதை வைத்து இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்துவிட்டது.

சரி, கடைக்கு வருவோம். அழிந்த எண்களை அந்தப் பட்டியலிலிருந்து மீட்க வழியே இல்லை. பழைய பில் கட்டுகளைப் பார்த்துத் திரும்ப அடித்தார்கள். நெடுவரிசையை எழுத்து வகைக்கு மாற்றினோம். போன் நம்பரை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லையே.

அதே பட்டியலில் 'கடைசியாக வந்த நாள்' 1970 முதலான வினாடிக் கணக்காக இதே 32 பிட்டில் இருந்தது. 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07 வரைதான் அது தாங்கும். சொன்னேன். "அதுக்குள்ள நான் ரிட்டயர்டு ஆயிடுவேன் சார்" என்றார் மேலாளர். அதையும் சேர்த்தே மாற்றிவிட்டோம்.