அல்சூர் அத்தி மரம்

ஜூன் 7, 2025, சனி

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் அத்தி மரம் காய்த்துவிட்டது. கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக. பக்கத்தில் பூ விற்கும் அக்காவிடம், "இது எப்போக்கா பூத்தது?" என்று கேட்டேன். "இருபது வருஷமா இங்கதான் உட்கார்றேன், ஒரு பூகூடப் பார்த்ததில்லையே" என்றார்.

நாலு காய் பறித்து வந்து பிளேடால் நறுக்கினேன். உள்சுவர் முழுக்க பூ! நடுவை நோக்கி, ஊசிமுனை அளவில், நூற்றுக்கணக்கில். 'அத்தி பூத்தாற்போல' என்று அபூர்வத்துக்குச் சொல்கிறோம். உண்மையில் அது வருஷத்தில் பல தடவை பூக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு.

ஜூன் 8, ஞாயிறு

இன்னொரு காயை நறுக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அடிப்பக்கத் துளையில் கண்ணாடித்தாள் துணுக்கு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. குளவியின் இறக்கை. உள்ளே இறக்கையில்லாத பெண் குளவி செத்துக் கிடந்தது, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அந்தத் துளையில் செதில்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். முண்டி நுழையும்போது இறக்கை பிய்ந்துவிடும். திரும்பி வர வழியில்லை. பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்துவிட்டு, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே உயிரை விடுகிறது. உலகில் 750க்கு மேற்பட்ட அத்தி இனங்கள். ஆல், அரசு எல்லாம் இந்தக் குடும்பம்தான். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி உண்டு. நம் அத்திக்கான குளவி ஆலங்காய்க்குள் போகாது.

ஜூன் 21, சனி

காய்மேல் நீண்ட வால் வைத்த வேறொரு குளவி. வால் இல்லை அது, முட்டையிடும் ஊசி. வெளியே நின்றபடியே காயைத் துளைத்து, உள்ளே வளரும் குஞ்சுகளிடம் தன் முட்டையை வைக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய ஊசி இவ்வளவு கெட்டியான காயில் எப்படி இறங்குகிறது? நம்ம ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் இதை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். ஊசிமுனையில் பற்கள், அதில் துத்தநாகம் ஏறி முனை கடினமாகியிருக்கிறதாம். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஜூலை 5, சனி

காய்கள் சிவக்கின்றன. இரண்டு பழத்தை ஒரு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு சும்மாவா சொன்னாங்க? வெளிய போடு." அந்தப் புழு இல்லாவிட்டால் இந்த மரத்துக்கு விதையே கிடையாதும்மா என்றேன். பாட்டிலை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஜன்னலோரம் வைத்தார்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் துணியின் அடியில் கருப்புப் பொடி தூவியது போல குளவிகள், எல்லாம் பெண். ஆண்களுக்கு இறக்கையே கிடையாது. முதலில் பிறந்து, பெண்களோடு கூடி, அவை வெளியேறப் பழச்சுவரைக் குடைந்து வழி செய்துவிட்டுச் செத்துவிடும். வெளியே வரும் பெண்ணுக்கும் ஆயுசு ஓரிரு நாள்தான். அதற்குள் வேறொரு அத்தி மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். நமீபியா பாலைவனத்தில் இதே போன்ற ஒரு குளவி காற்றோடு 160 கிலோமீட்டர் மகரந்தம் கொண்டுபோனதை 2009இல் கண்டறிந்தார்கள். அங்கே அத்தி மரங்கள் அவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன.

துணியை அவிழ்த்தேன். ஏரிப் பக்கம் போனதா, ரோட்டுப் பக்கம் போனதா தெரியவில்லை, இரண்டே நொடியில் ஒன்றையும் காணோம். பழத்தில் மூன்று ஓட்டைகள். ஒன்றின் விளிம்பில், தலையை மட்டும் வெளியே நீட்டியபடி ஒரு ஆண் குளவி, அசைவில்லாமல்.