வளவில் பத்து மீட்டர்

அண்ணன் காலமானதிலிருந்து பேச்செல்லாம் அவருடைய மன உறுதியைப் பற்றித்தான். உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸில் கிடந்தவர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) போட்டிக்குப் போய் நின்றதற்கு அவர் மனைவி, எங்கள் ஆச்சி, போட்ட கணக்குதான் பாதிக் காரணம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் அவர் சுட்டது ரைபிள். இடது கையில் ஃபிஸ்டுலா வைத்ததும் அது முடிந்தது. டயாலிசிஸ் ஊசி ஏற்றத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம் அது. அந்தக் கையில் பாரம் தாங்கக் கூடாது, பிரஷர் பார்க்கும் பட்டைகூடச் சுற்றக் கூடாது. அழுந்தினால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். நின்று சுடும்போது ரைபிளின் எடையை வாங்குவது அதே இடது கை. பிஸ்டல் ஒற்றைக் கை ஆட்டம். இடது கை பாட்டுக்குக் கால்சட்டைப் பையில் கிடக்கும்.

அடுத்தது மருந்துச் சீட்டு. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால், கார்வெடிலால் என்று எழுதுவது சாதாரணம். இவை பீட்டா பிளாக்கர்கள். துடிப்பையும் கை நடுக்கத்தையும் தணிப்பதால் துப்பாக்கி சுடுதலில் வருஷம் முழுக்கத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு இரண்டு பதக்கங்களை இழந்தது புரொப்ரனலாலால்தான். ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபொய்டின் ஊசியும் தடைப் பட்டியலில் உண்டு. அதற்குச் சிகிச்சை விலக்கு, அதாவது நோய்க்காகத்தான் போடுகிறார் என்று முறைப்படி அனுமதி, வாங்கியாக வேண்டும். புதிதாக எந்த மாத்திரை எழுதினாலும் "இது பீட்டா பிளாக்கரா, டாக்டர்?" என்று கேட்காமல் ஆச்சி எழுந்திருக்க மாட்டார். நாமாகச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலியில் கொண்டுவிடும் என்பதால், மாற்றுவதையும் மருத்துவரிடமே விட்டார்.

பயிற்சி வீட்டிலேயே. நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் பின்கட்டு வாசல் வரை பார்வை ஒரே கோட்டில் ஓடுமே, அந்தக் கோட்டில் போட்டித் தூரமான பத்து மீட்டர் அளந்து, குறி அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் வருகிற மாதிரி குண்டைப் பிடிக்கும் பெட்டி வைத்தார்கள். பின்வாசலை உள்ளே தாழிட்ட பிறகுதான் முதல் குண்டு. வளவில், அதாவது நடு முற்றத்தில், வெயில் இறங்கிவிட்டால் பிஸ்டல் முனையில் இருக்கும் முன்குறி பளபளத்துக் கண்ணைக் கெடுக்கும், அதனால் ஏழரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஆத்தங்குடிக் கல்லின் பூக்கோலத்தில் இரண்டு பென்சில் கோடுகள், பாதம் வைக்க. எண்ணெய் போட்டுத் துடைத்த தரை வழுக்கும் என்று அந்த நாலு கல்லுக்கு மட்டும் எண்ணெய் கிடையாது.

குண்டு ஈயம். சிறுநீரகத்துக்கு ஈயம் ஆகவே ஆகாது. பெட்டியைச் சுற்றி விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி மூச்சில் ஏறும். ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் காபி டம்ளரைத் தொட விடமாட்டார் ஆச்சி.

டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி. முடிந்த அன்று பிரஷர் இறங்கிக் கை வெலவெலக்கும், பிஸ்டலைத் தொடுவதே வீண். செவ்வாய், வியாழன், சனி காலைதான் பயிற்சி. அதிலும் நிஜக் குண்டு நாற்பதுக்கு மேல் இல்லை. மிச்சமெல்லாம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் குண்டில்லாமல் வெறும் டிரிகர். அந்தச் சுண்ணாம்புப் பூச்சைவிட நல்ல சுவர் இதற்குக் கிடைக்காது. குறி பார்க்க ஒன்றுமில்லாததால் கண் முன்குறியிலேயே நிற்கும், விரல் செய்யும் தப்பு அப்பட்டமாகத் தெரியும்.

உடம்பில் நீர் ஏறினால் விரலும் வீங்கும். முந்தின நாள் கச்சிதமாக இருந்த மரப்பிடி மறுநாள் கடிக்கும். உள்ளங்கையின் கீழ்விளிம்பைத் தாங்கும் கட்டையை நகர்த்தி, 'முன்', 'பின்' என்று பிடியிலேயே இரண்டு கோடு போட்டிருந்தார். டயாலிசிஸுக்கு முன், பின். இந்த யோசனை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆச்சியின் முக்கிய வேலை நோட்டு. சுட்டவுடன், தொலைநோக்கியைப் பார்க்கும் முன், குண்டு எங்கே போயிருக்கும் என்று அண்ணன் சொல்ல வேண்டும். அட்டையைக் கடிகார முகமாக வைத்துத் திசை, பிறகு புள்ளி.

"மூணு மணி, ஒம்பது."

ஆச்சி பார்த்து, "ஏழு மணிங்க. எட்டுதான்."

வலது கைக்காரருக்கு ஏழு மணிப் பக்கம் விழுந்தால் டிரிகரை வெடுக்கென்று இழுத்திருக்கிறார் என்று அர்த்தம். மேலும் கீழுமாகச் சிதறினால் தோள் களைப்பு. சொன்னதும் விழுந்ததும் தொடர்ந்து பொருந்தாமல் போனால், குறியைத் திருகி ஒன்றும் ஆகப் போவதில்லை, அன்றைக்கு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ரத்தசோகையால் கண் சீக்கிரம் மங்கும்; கை நிலைத்து ஆறு வினாடிக்குள் சுடவில்லை என்றால் "இறக்குங்க" என்பார். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம். இறக்கி மறுபடி ஏற்ற நேரம் தாராளமாக உண்டு. அவசரப்பட்டுத் தோற்றவர்கள்தான் அதிகம்.

அதே நோட்டில் தண்ணீர்க் கணக்கும். முந்தின நாள் போன சிறுநீரின் அளவு, அதற்கு மேல் 500 மில்லி, அவ்வளவுதான். சாம்பாரும் மோரும் அதற்குள் அடக்கம். இளநீர், மோர் மிளகாய், வத்தல் மூன்றும் வீட்டுக்குள் வரவில்லை. காயை நறுக்கி வேகவைத்து நீரை வடித்துவிட்டுத்தான் தாளிப்பு, பொட்டாசியம் குறைய.

கடைசிப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை. தண்ணீர் 650. வெறும் டிரிகர் 30. குண்டு 12, எல்லாம் சொன்ன இடத்தில்.